இசட் டிரைவ் திறக்காத காலை

என் கடைப் பலகையில் ‘இளையபெருமாள் சிஸ்டம்ஸ் – சர்வர், நெட்வொர்க், சிசிடிவி நிபுணர்’ என்று எழுதியிருக்கும். நிபுணர் என்ற சொல்லைச் சேர்த்தது நானில்லை, பலகை எழுதியவர். கடைசி வரியில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது, என்ன போடட்டும் என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நான் நிபுணராகியிருந்தேன். பதினாறு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்ற நான் படும் பாடு அவருக்குத் தெரியாது. காரைக்காலில் எனக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி, பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவுவது.

அன்றைக்கு முந்தின ராத்திரி கீழவாஞ்சூரில் துறைமுக நிலக்கரி லாரிகள் நிற்கும் இடத்தில் கேமரா மாட்டும் வேலை. விடிகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் நிலக்கரித் தூளைக் கழுவி, படுத்ததுதான் தெரியும். போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்தேன்.

“அண்ணே, அஜீசுன்னிசா பேசுறேன். இசட் டிரைவ் தொறக்கல. சிவப்பா பெருக்கல் குறி போட்டுக்கிட்டு நிக்கிது. ஒரு அம்மா காலையிலேர்ந்து உக்காந்திருக்காங்க. பன்னண்டு மணிக்குள்ள அவங்க வேல முடியணும். உடனே வாங்கண்ணே.”

“ரௌட்டரை ஒருதரம் அணைச்சுப்...” என்று ஆரம்பித்தேன். என் போன் உயிரை விட்டது. ராத்திரி சார்ஜ் போடாமல் படுத்திருக்கிறேன். ஊரார் கருவிகளையெல்லாம் பராமரிக்கிறவன் வீட்டில் இதுதான் நிலைமை. மணி என்ன என்று பார்க்கவும் வழியில்லை. வெயில் ஏறியிருந்தது, ஆனால் ஆனி மாதத்தில் ஏழு மணிக்கே அப்படித்தான் இருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நூருல் அமீன் பாயின் ஆன்லைன் சேவை மையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் ஜெராக்ஸ் எந்திரமும் மேசையும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் கணினி. பாஸ்போர்ட், விசா, சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் என்று எது எடுத்தாலும் நிசா கைதான். மற்றவர்கள் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எனக்கு நிசா போதும். அங்கே வருகிறவர்களின் காகிதங்களை அவள் ஸ்கேன் செய்து சர்வரில் போட்டு வைப்பாள். கணினியில் இசட் என்ற எழுத்தோடு ஒரு டிரைவ் தெரியும். அதைத் திறந்தால் சர்வரில் இருக்கும் கோப்புகள் வரும். கணினி இங்கே, கோப்பு அங்கே, நடுவில் ஒரு வயர்.

சர்வர் என்று சொன்னதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாய் வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய கணினிதான். அதற்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டு, சர்வர் என்று பெயர் வைத்தது நான். போன வருடம் யாரோ அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! சர்வரை மர அலமாரிக்குள் வைத்து, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, பூட்டி, சாவியைப் பாயிடம் கொடுத்தேன். அதற்கு மானிட்டரும் வேண்டாம், சர்வருக்கு மானிட்டர் வைப்பது விவரம் தெரியாதவர்கள் வேலை என்று அதையும் கழற்றினேன். கடையில் இருந்த இன்னொரு கணினி போன மாதம் பழுதானது. அது எங்கே என்று கேட்டால், என் கடையில் மேசைக்கடியில். நாளைக்குத் தருகிறேன் என்று முப்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நான் போய்ச் சேர்ந்தபோது நிலைமை இது. சர்வர் பூட்டிய அலமாரிக்குள். சாவி பாயின் சட்டைப்பையில். பாய் யாரையோ விமானம் ஏற்றிவிடச் சென்னைக்குப் போயிருக்கிறார். சர்வருக்குப் போக மிச்சமிருக்கும் ஒரே வழி நிசாவின் கணினி. மற்ற வழிகளையெல்லாம் அடைத்தது யாரென்று சொல்லவேண்டியதில்லை.

தடுப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் காசியம்மா, பூவத்துக்காரர். நிசா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் மகள் மதிவதனி நர்சிங் சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். காரைக்கால் பிள்ளைகளுக்கென்று உள்ள ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க். ஆனால் அவள் போனில் படம் பிடித்துப் போட்ட குடியிருப்புச் சான்றிதழ் தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி போடுவதற்கு இன்று பன்னிரண்டு மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு அந்த இணையப் பக்கம் மூடிக்கொள்ளும்.

“ஒரிஜினல் இல்லையா?” என்றேன்.

“அது காலேஜுல மாட்டிக்கிச்சு சார்,” என்றார் காசியம்மா. “எதுக்கும் இருக்கட்டுமேன்னு வெளியூருல ஒரு காலேஜுல பி.எஸ்சி. சேத்துட்டேன். ஒரிஜினல அங்க வாங்கி வச்சிக்கிட்டாங்க. கேட்டா நாளன்னிக்கி வான்னுட்டாங்க. எங்க வூட்டுக் கொல்லைக்கி அந்தாண்ட ரெண்டு வயல் தாண்டுனா தமிழ்நாடு. இந்தச் சர்டிபிகேட் இல்லன்னா எம் மவளும் தமிழ்நாட்டுப் புள்ளன்னு ஒதுக்கிப்புடுவாங்க.”

“மே மாசம் நான்தான் ஸ்கேன் பண்ணினேன்,” என்றாள் நிசா. “பளிச்சுன்னு இருக்கும். இசட்ல இருக்கு. அனுப்பினா அந்தப் புள்ள போட்டுரும். பூவத்துல சினேகிதி வீட்ல லேப்டாப்ப தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு.”

“ஏதாவது மாத்தினியாம்மா?”

“ஒண்ணும் மாத்தலண்ணே.”

“புதுசா எதாவது ஏத்தினியா, எதையாவது அழிச்சியா?”

“அல்லாவே, நான் ஒண்ணும் தொடலண்ணே. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

எல்லாரும் சொல்வது இதைத்தான், எனவே அதற்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை. முன்பக்கம் ஜெராக்ஸுக்கு ஆட்கள் கூப்பிட, என் போனை வாங்கி அங்கே சார்ஜில் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் மணி 9:10 என்று இருந்தது. கடை திறந்ததே ஒன்பது மணிக்கு, பத்து நிமிடம் கூடப் பொறுக்காமல் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறாள் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது. அவசரப்பட்டுச் செய்தால் நிபுணருக்கு அழகில்லை.

இசட் டிரைவை இரண்டு தட்டுத் தட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்து, ஆங்கிலத்தில் இரண்டு வரியோடு ஒரு பெட்டி வந்தது. வந்த வேகத்தில் ‘ஓகே’ அழுத்தி மூடினேன். இந்தப் பெட்டிகளை நான் படிப்பதில்லை. வாடிக்கையாளர்கள் போனில் கூப்பிட்டால் மட்டும், “திரையில என்ன எழுதியிருக்கு? அதைப் படிங்க முதல்ல, படிக்காம என்னைக் கூப்பிடாதீங்க” என்று கத்துவேன்.

வயரைக் கழற்றி மாட்டினேன். வயர்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் பச்சை விளக்கு அடக்கமாகச் சிமிட்டியது. ரௌட்டரை அணைத்துப் போட்டேன். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து சர்வருக்குக் குரல் கொடுத்துப் பார்த்தேன், அது நாலு தடவையும் ஒழுங்காகப் பதில் சொன்னது. ஆள் இருக்கிறான், பேசுகிறான், கதவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறான். மறுபடி இசட்டைத் தட்டினேன். மறுபடி அதே பெட்டி. மறுபடி ‘ஓகே’.

காசியம்மா என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. சர்வர் என்றால் என்ன, கணினி அதை எப்படிக் கூப்பிடுகிறது, அது இவன் நம் ஆள்தானா என்று எப்படிச் சரிபார்க்கிறது என்றெல்லாம் விளக்கினேன். ரேஷன் கடையில் அட்டையும் கைரேகையும் ஒத்துப்போனால்தானே அரிசி போடுவார்கள், அந்த மாதிரி என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு கூடையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துப் பார்த்தார்.

“சார், மணி பதினொண்ணு பத்து ஆவுது.”

“எங்கம்மா பதினொண்ணு? ஒம்பது நாப்பதுதான். இந்தா பாருங்க.” திரையின் மூலையை விரலால் தட்டிக் காட்டினேன்.

“என் போன்ல பதினொண்ணு பத்துன்னு காட்டுதே.”

“அது பட்டன் போன். பேட்டரிய கழட்டி மாட்டினா மணி கன்னாபின்னான்னு மாறிரும். கம்ப்யூட்டர் மணி அப்படி இல்லம்மா. நெட்லேர்ந்து நேரா வருது. உலகம் பூரா ஒரே கணக்கு. அது தப்பாவே ஆவாது.”

“நான் எட்டரை பஸ்ஸுலதான் வந்தேன். வந்து ரொம்ப நேரமாயிட்ட மாரி இருக்கு.”

“கவலையா உக்காந்திருந்தா அப்படித்தான் தோணும். பதறாம இருங்க. எக்கச்சக்கமா நேரம் இருக்கு.”

அவர் போனை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். பிறகு, படித்த ஆள் சொல்கிறானே என்று அதைக் கூடைக்குள் போட்டார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது. நேரம் நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

இந்த இடத்தில் உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. பதினாறு வருட அனுபவம், தூக்கம் போதாத மண்டை, மூலையில் தப்பாக ஓடும் ஒரு மணி, பக்கத்தில் சரியான மணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி. இத்தனை இருந்தும் நான் டீ சொன்னேன். டீ வந்தது. காசியம்மாவுக்கும் ஒன்று சொன்னேன், வேண்டாம் என்றார். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டேன்.

டீ உள்ளே போனதும் சுறுசுறுப்பு வந்தது. கடவுச்சொல் பிரச்சினையாக இருக்கும் என்று இசட் டிரைவின் இணைப்பையே அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். பெட்டி வந்தது. ‘ஓகே’. அடுத்து ஃபயர்வாலை நிறுத்தினேன். பெட்டி. ‘ஓகே’. ஆன்டிவைரஸை நிறுத்தினேன். இந்த முறை பெட்டி கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது, அதற்கும் நான் பழகிப்போயிருப்பேன்.

தடுப்புக்கு வெளியிலிருந்து நிசா எட்டிப் பார்த்தாள். “அண்ணே, நேரம் போவுதே. ஆச்சா?”

“தெரியும்மா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நேரம் இருக்கு.”

“சரிண்ணே,” என்று போய்விட்டாள். நிபுணர் நேரம் இருக்கிறது என்றால் ஏதோ கணக்கு வைத்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். என்னை நம்பித்தான் அன்று இரண்டு பேரும் கெட்டார்கள்.

வேறு வழி தோன்றாதபோது எல்லாரும் செய்வதைக் கடைசியில் செய்தேன். நெட்வொர்க் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கட்டளையைக் கொடுத்து, கணினியை அணைத்துப் போட்டேன். அந்தக் கணினி எழுந்து உட்காரக் கால் மணி நேரம் ஆகும். நாற்காலியில் சாய்ந்தேன். கண் சொக்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில நிமிடம் தூங்கியும் இருக்கிறேன். ஒரு பெண்ணின் படிப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தது, நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன்.

பட்டன் போன் அலறிய சத்தத்தில் விழித்தேன். காசியம்மா எடுத்தார். அந்த மாதிரி போன்களில் பேசுகிறவர் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

“அம்மா! என்னம்மா ஆச்சு? இன்னும் அனுப்பலையே! பத்தொம்பது நிமிஷம்தாம்மா இருக்கு!” மதிவதனி அழுதுகொண்டிருந்தாள்.

காசியம்மா என்னைப் பார்த்தார். “பத்தொம்பது நிமிசம்தான் இருக்குன்னு சொல்லுதே புள்ள.”

“ஏது பத்தொம்பது நிமிஷம்?” என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரை வந்திருந்தது. மூலையில் 10:11. “இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு மேல இருக்கும்மா, பயப்பட வேணாம்னு...”

“சார், அந்தப் பக்கத்துலயே கீழ மணி எறங்கிக்கிட்டே வருது,” என்று போனுக்குள்ளிருந்து மதிவதனி கத்தினாள். “பதினெட்டு ஐம்பது, பதினெட்டு நாப்பத்தொம்போது...”



“நிசா!” என்று கூப்பிட்ட குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “மணி என்னம்மா?”

“பதினொண்ணு நாப்பத்தொண்ணுண்ணே.”

“இதுல பத்து பதினொண்ணுன்னு இருக்கே?”

அவள் ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். “அதாண்ணே? அது துபாய் மணி.”

“துபாய் மணியா?”

“மச்சான் போயி பன்னண்டு நாள்தானே ஆவுது. எப்ப எந்திரிப்பாங்க, எப்ப சாப்பாட்டுக்கு விடுவாங்கன்னு எனக்குக் கணக்கு வர மாட்டேங்குது. முந்தாநாள் வேல நேரத்துல போன் போட்டுட்டேன், சூப்பர்வைசர் அவங்கள ஏசிட்டாராம். அதான் நேத்து சாயங்காலம் கடைய சாத்துறப்ப இதுல ஒன்றரை மணி கொறச்சு வச்சேன். நம்ம மணி வேணும்னா நான் ஒன்றரை மணிய கூட்டிக்குவேன்.” அவள் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். “மணிய மாத்தினா ஏதாவது ஆவுமாண்ணே? கடியாரம்தானே?”

ஏதாவது மாற்றினாயா என்று கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைத் திருகி வைப்பதை யாரும் கணினியில் கைவைத்த கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவள் கணவர் அஸ்ஃபாக் அந்த நேரத்தில் துபாயில் எங்கேயோ ஒரு கட்டடத்தில் நின்றிருப்பார். அவருக்கு எப்போது சோற்றுக்கு விடுவார்கள் என்று அவள் இங்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கணினியில் எதையும் மாற்றும் உரிமையை அவளுக்குக் கொடுத்து வைத்ததும் நான்தான். கொடுக்காவிட்டால் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவார்களே என்ற சோம்பேறித்தனம்.

இசட்டை இன்னொரு முறை தட்டினேன். பெட்டி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் படித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: உன்னுடைய மணியும் சர்வருடைய மணியும் ஒத்துப்போகவில்லை. காலையிலிருந்து அது வேறொன்றும் சொல்லவில்லை. தப்பு என்ன என்பதை முழுசாக எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. நான் ஐந்து தடவை ‘ஓகே’ சொல்லியிருக்கிறேன்.

மூலையில் தட்டி, மணியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். 11:43. இசட்டைத் தட்டினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்துகொண்டது.

திறந்ததும் இன்னொரு பயம் பிடித்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் கோப்புறைகள். நான் மேலும் கீழும் உருட்ட ஆரம்பித்தேன். “எந்திரிங்கண்ணே,” என்று நிசா என்னைத் தோளோடு ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஊர் பெயரில் பூவம், அதற்குள் அம்மா பெயரில் காசியம்மா, அதற்குள் சான்றிதழ்கள். மூன்று தட்டு. பிள்ளைகள் பெயர் ஒரே மாதிரி இருக்கும், அம்மா பெயர்தான் குழப்பம் தராது என்று இப்படி அடுக்கியிருக்கிறாள். கோப்பின் அளவு கூடுதலாக இருந்ததை நான் சொல்வதற்குள் குறைத்தாள். அனுப்பினாள்.

“வந்துச்சாம்மா?” என்று போனைப் பிடுங்காத குறையாகக் கேட்டேன்.

“வந்துருச்சு சார். போடுறேன்.”

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பட்டன் போனைச் சுற்றி நின்றோம். வெளியே யாரோ இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. மதிவதனி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கோப்பைத் தேர்ந்தெடுத்தாள். வட்டம் சுற்றுகிறது என்றாள். இன்னும் சுற்றுகிறது என்றாள். நின்றுவிட்டது, மறுபடி முதலிலிருந்து கேட்கிறது என்றாள். காசியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சாமி பெயரும் வாயில் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு இது கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் துபாய் மணி இல்லை, நான். அந்த எண்ணம் மட்டும்தான் இருந்தது.

“இப்ப ஓ.டி.பி. கேக்குது. போட்டுட்டேன். சுத்துது.” நிசா திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள். “அம்மா! ஏத்துக்கிச்சும்மா! பச்சையில டிக் வந்துருச்சு!”

மணி 11:57.

நிசா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று நாற்காலியில் சாய்ந்தாள். காசியம்மா போனை மார்போடு வைத்துக்கொண்டு அழுதார். பிறகு திடீரென்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும் தம்பி. ஒங்க புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கணும். நீங்க வரலன்னா என் புள்ள கெதி என்னாயிருக்கும்!”

சார் போய்த் தம்பி ஆகியிருந்தேன். பேசாமல் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு முன்னால் வாங்கியிருக்கிறேன். சும்மா பிளக் கழன்றிருந்ததை மாட்டிவிட்டு, பெரிய பிரச்சினை ஒன்றைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லி மோர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. அந்தக் கை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது, என் கையை விடவும் இல்லை.

நிசா நாற்காலியிலிருந்து எழுந்து, “நான்தாங்க மணிய மாத்தி வச்சிட்டேன், எம்மேலதான் தப்பு,” என்றாள். பாயிடம் நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது.

“நீ சும்மா இரும்மா,” என்றேன். “தப்பு என்னோடது. காலையில வந்த உடனே திரையில எழுதிக் காட்டிச்சு. நான் படிக்கல. படிச்சிருந்தா பத்தே முக்காலுக்கே முடிஞ்சிருக்கும்.” காசியம்மா பக்கம் திரும்பினேன். “உங்க போன்ல இருந்த மணிதாம்மா சரி. நான் தெரியாம உளறினேன். நீங்க சொன்னப்ப நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும். நீங்க இவ்வளவு நேரம் உக்காந்து பயந்ததுக்கு நான்தான் காரணம்.”

அவர் என் கையை விட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கே போய் முடியும் என்று தெரியாமல் நான் கணினிக்குத் திரும்பி, நிசாவுக்காக அதே மூலையில் துபாய்க்கு என்று இரண்டாவதாக ஒரு மணியைச் சேர்த்தேன். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் வசதி அதில் எப்போதும் இருக்கிறது. அரை நிமிட வேலை. போன வாரமே நிசா கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டிருந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன், எனவே சொல்லவில்லை.

காசியம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தடுப்புக்கு வெளியே போனவர் நின்றார். ஜெராக்ஸுக்கு நின்ற நாலு பேர் முன்னால், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“தம்பி, எம் மவ படிச்சு நர்ஸா வந்தோன்ன மொத ஊசி ஒங்களுக்குத்தான். நல்லா வலிக்கிற மாரி போடச் சொல்றேன். வந்து போட்டுக்கணும்.”

“கண்டிப்பா வர்றேம்மா,” என்றேன்.

“எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிக்கங்க,” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அவர் சிரிக்கவில்லை. நாலு வருடத்தில் அந்தப் பெண் படித்து முடித்துவிடுவாள். எனக்கு அப்போது ஐம்பது ஆகியிருக்கும், ஆனாலும் போய் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.